தனியாகக் கடலில் ஒரு நாள்: படகு முரண்டு பிடித்தால் எங்கே பார்ப்பது

லேசர் என்ற சின்னப் பாய்மரப் படகு ஒரே ஆளுக்காக வடிவமைக்கப்பட்டது. நீளம் 4.23 மீட்டர், உடலின் எடை 59 கிலோ, பாய் ஒன்றே ஒன்று, அதன் பரப்பு 7 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல். இப்போது ஐஎல்சிஏ என்று பெயரை மாற்றிவிட்டார்கள். கரையில் எங்களுக்கு அது இன்னும் லேசர்தான். நேத்ரா குமணனும் விஷ்ணு சரவணனும் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்குகளில் ஓட்டியது இந்த வகைப் படகைத்தான். ஆனால் அவர்கள் ஓட்டும்போது பக்கத்திலேயே காப்புப் படகு சுற்றிக்கொண்டிருக்கும். நாம் விடியற்காலையில் தனியாகத் தள்ளிக்கொண்டு போகும்போது அப்படி யாரும் இல்லை. படகில் ஏதாவது கோளாறு என்றால் கண்டுபிடிப்பதும் நாம், சரிசெய்வதும் நாம்.

கீழே இருப்பதெல்லாம் கோவளத்திலிருந்து தெற்கே மாமல்லபுரம் பக்கம் போய்த் திரும்பும் ஒரு நாளை வைத்து எழுதியது. போக மட்டும் நேர்கோட்டில் ஏறத்தாழ 10 கடல் மைல். மார்ச் முதல் மே வரை இதற்குத் தோதான காலம். காலையில் மேற்கிலிருந்து மெல்லிய கரைக்காற்று, நண்பகலை ஒட்டித் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று. காலைக் காற்றைப் பக்கவாட்டில் வாங்கிக்கொண்டு தெற்கே போகலாம், மதியக் காற்றில் சாய்வாக வடக்கே திரும்பலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகளின் தொல்லையும் இருக்காது. ஆனால் ஃபைபர் படகுகளும் வலைகளும் இருக்கும். மாமல்லபுரத்தைத் தாண்டித் தெற்கே போக வேண்டாம், அந்தப் பக்கம் கல்பாக்கம் அணுமின் நிலையம். கிளம்பும் முன் கடலோரக் காவல் நிலையத்திலும், கரையில் இருக்கும் மீனவர் ஒருவரிடமும், வீட்டிலும் எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான். பாயை இழுத்துப் பிடித்திருக்கும் கயிற்றை, அதாவது ஷீட்டை, விடுங்கள். பழைய பாய்மரக்காரர்கள் தாமான் என்று சொன்ன அதே கயிறு. காற்று பக்கவாட்டிலிருந்து, அதிலும் கொஞ்சம் முன்னாலிருந்து, வருகிற மாதிரி படகைத் திருப்பிவிட்டு ஷீட்டை விட்டால் பாய் கொடி மாதிரி அடித்துக்கொண்டிருக்கும், படகு கிட்டத்தட்ட நின்றுவிடும். லேசரில் பாய்மரத்தைத் தாங்கும் பக்கக் கம்பிகள் கிடையாது. அதனால் காற்று பின்னாலிருந்து வந்தாலும் பாய் முன்பக்கமாகவே பறந்து வலுவிழக்கும். கம்பி வைத்த பெரிய படகுகளில் இது நடக்காது. நின்ற பிறகு தண்ணீர் ஒரு வாய் குடித்துவிட்டு, அப்புறம் யோசியுங்கள். ஓடிக்கொண்டே ஒரு கையில் சுக்கான் பிடியும் மறுகையில் முடிச்சுமாகச் சரிசெய்யப் போய்த்தான் நான் கவிழ்ந்திருக்கிறேன், அதுவும் ஒரு தடவை இல்லை.

கரையை விட்டுக் கிளம்பவே முடியவில்லை, அலை திருப்பித் தள்ளுகிறது

அலைகள் கூட்டமாக வரும். நாலைந்து பெரியது, பிறகு கொஞ்சம் அமைதி. படகைத் தொடுவதற்கு முன் பத்து நிமிடம் நின்று எண்ணிப் பாருங்கள். கோவளத்து ஃபைபர் படகுக்காரர்கள் பீடியைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கிற மாதிரி தெரியும். அவர்கள் சும்மா நிற்கவில்லை.

படகின் அணியம், அதாவது முன்முனை, அலைக்கு நேராக இருக்க வேண்டும். கொஞ்சம் திரும்பினாலும் அலை பக்கவாட்டில் பிடித்து உருட்டிவிடும். இடுப்பளவு தண்ணீர் வரை நடத்திக்கொண்டு போய், அமைதி வந்ததும் ஏறி, நடுவில் செருகும் டேகர்போர்டைப் பாதியாவது இறக்குங்கள். பலகை இறங்காத படகு தெப்பம் மாதிரி, போக வேண்டிய பக்கம் போகாது. சுக்கான் அலகை முழுதாக இறக்குவது அலை உடையும் இடத்தைத் தாண்டிய பிறகு. கரைக்காற்று முதுகில் இருக்கிற காலையில் இது சுலபம். அந்தச் சுலபம்தான் ஆபத்தும், ஏனென்றால் உங்களை வெளியே கொண்டுபோகிற காற்று திரும்பக் கொண்டுவராது. கிளம்புகிற நேரத்திலேயே மேற்குக் காற்று கடலில் வெள்ளை நுரைகளைக் கிளப்பிக்கொண்டிருந்தால் அன்று போகாதீர்கள். ஜூன், ஜூலை மாதங்களில் இப்படி அடிக்கடி இருக்கும்.

பாய் படபடக்கிறது, படகு நின்றுவிட்டது, சுக்கான் கேட்கவில்லை

அணியம் நேராகக் காற்றுக்குள் மாட்டிக்கொண்டது. காற்றுக்கு எதிர்த்திசையில் இருபக்கமும் சுமார் 45 டிகிரிக்குள் லேசர் ஓடாது. திரும்பும்போது வேகம் போதாமல் பாதியில் நின்றால் இதுதான் நடக்கும். சுக்கானை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினால் படகு இன்னும் வேகமிழக்கும்.

பாயின் அடியில் கிடையாக நீளும் கம்பை, அதாவது பூமை, உங்களை விட்டு அப்பால் தள்ளுங்கள். சுக்கான் பிடியையும் அதே பக்கம், அப்பால் தள்ளுங்கள். படகு மெதுவாகப் பின்னால் நகர்ந்தபடி அணியத்தைத் திருப்பும். காற்று உங்கள் முதுகுப் பக்கம் வந்ததும் இரண்டையும் உங்களை நோக்கி இழுங்கள். தள்ளு தள்ளு, இழு இழு. படகு பின்னால் போகும்போது சுக்கான் தலைகீழாக வேலை செய்யும் என்பது மூளைக்குத் தெரிந்தாலும் கைக்குத் தெரியாது, அதனால் கணக்குப் போடாமல் இந்த நாலு சொல்லை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஓடுகிறது, ஆனால் போகிற இடம் வேறாக இருக்கிறது

அணியம் மாமல்லபுரத்தைக் காட்டுகிறது, ஆனால் ஒரு மணி நேரம் கழித்தும் நெம்மேலி கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை பக்கத்தை விட்டு நகரவில்லை. இதற்குக் காரணம் இரண்டில் ஒன்று: படகு பக்கவாட்டில் வழுக்குகிறது, அல்லது தண்ணீரே உங்களைச் சுமந்துகொண்டு போகிறது.

பிரித்தறிய, கரையில் ஒன்றின் பின் ஒன்றாகத் தெரியும் இரண்டு அடையாளங்களை எடுங்கள். கடற்கரைக் கோயில் கோபுரமும் அதன் பின்னால் கலங்கரை விளக்கமும் நல்ல ஜோடி. ஒரு தென்னையும் செல்போன் கோபுரமும்கூடப் போதும். கடலுக்கடியில் பார், அதாவது பாறைத்திட்டு, இருக்கும் இடத்தை மீனவர்கள் குறித்துவைத்துக்கொள்வது இதே முறையில்தான். ஷீட்டை விட்டுப் படகை நிறுத்திவிட்டு அந்த ஜோடியைப் பாருங்கள். காற்றே இல்லாமலும் ஒன்றை விட்டு ஒன்று விலகினால் அது வெள்ளம், அதாவது நீரோட்டம். பிப்ரவரியிலிருந்து மே வரை இந்தக் கரையோர நீரோட்டம் பொதுவாக வடக்கு நோக்கி ஓடும், மழைக்காலத்தில் தெற்கு நோக்கித் திரும்பும். அதனால் நம் பயணத்தில் போகும்போது எதிர்ப்பு, வரும்போது உதவி. திரும்பும் நேரத்தை இதை வைத்துக் கணக்கிட்டால் போதும். எதிர் நீரோட்டத்தில் மாமல்லபுரம் வரை போயே தீருவேன் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். 10 மணிக்கு எங்கே இருக்கிறீர்களோ அங்கேயே திரும்புங்கள். என் பயணங்களில் பாதிக்கு மேல் கோயில் கண்ணுக்குத் தெரிந்ததோடு முடிந்தவைதான்.

நிற்கும்போது ஜோடி விலகவில்லை, ஓடும்போதுதான் காற்றுப்போகும் பக்கம் நழுவுகிறது என்றால் குற்றம் படகில். டேகர்போர்டு முழுதாக இறங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்து, பாயை அளவுக்கு மேல் இழுத்துப் பிடித்திருக்கிறீர்களா? இறுக்கிய பாய் படகைத் தள்ளுவதைவிடச் சாய்ப்பதில்தான் வலுவைச் செலவிடும். பாயின் முன்விளிம்பு லேசாக நடுங்கும் வரை விட்டு, நடுக்கம் நிற்கும் அளவுக்கு மட்டும் இழுங்கள்.

சுக்கான் பிடி கனக்கிறது, கை வலிக்கிறது

இதை எல்லோரும் பலமான காற்று என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுவார்கள். பெரும்பாலும் காரணம் ரொம்பச் சின்னது: சுக்கான் அலகு முழுதாக இறங்கவில்லை. அலையில் தூக்கியது தூக்கியபடி பாதியில் நிற்கிறது. பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அலகைத் திருப்பக் கூடுதல் வலு வேண்டும். இறக்கும் கயிற்றை இழுத்துக் கட்டுங்கள், பாதிப் பேருக்கு வேலை இதோடு முடிந்தது.

அப்போதும் கனத்தால் படகு சாய்ந்து ஓடுகிறது என்று அர்த்தம். சாய்ந்த படகு காற்றுக்குள் திரும்பப் பார்க்கும், நீங்கள் சுக்கானால் அதைத் தடுத்துக்கொண்டே இருப்பீர்கள். ஷீட்டைக் கொஞ்சம் விட்டு, உடலை வெளியே சாய்த்து, படகை மட்டமாக்குங்கள். பாயின் முன்விளிம்பைக் கீழே இழுக்கும் கயிற்றையும் பூமைக் கீழே இழுக்கும் கயிற்றையும் இறுக்கினால் பாய் தட்டையாகும், வலு குறையும்.

சுக்கான் கனக்காமல் திடீரென்று லேசாகிவிட்டால் அது வேறு கதை. பின்னால் திரும்பிப் பாருங்கள். கவிழ்ந்து நிமிர்ந்த பிறகு சுக்கான் அதன் கொக்கியிலிருந்து கழன்றிருக்கலாம். அது மேலே வராமல் தடுக்க அமரத்தில், அதாவது படகின் பின்முனையில், ஒரு சிறு தகடு இருக்கும். அது வளைந்து போயிருக்கிறதா என்று கரையிலேயே ஒருமுறை சுக்கானைத் தூக்கிப் பார்த்துவிடுங்கள்.

யாரோ பின்னால் இருந்து பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கிறது

வலை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த படகு மெல்ல மெல்லக் கனத்து, அணியம் ஒரு பக்கமாகத் திரும்பும். தண்ணீரை எட்டிப் பார்த்தால் மிதவைக் கயிறு டேகர்போர்டில் மாட்டியிருக்கும், இல்லையென்றால் சுக்கானில்.

இங்கே செய்யக்கூடாததை முதலில் சொல்லிவிடுகிறேன். கத்தியை எடுக்காதீர்கள். நான் முதல் முறை மாட்டியபோது பதற்றத்தில் கத்தியை உருவினேன். அரை மைல் தள்ளி நின்ற ஃபைபர் படகிலிருந்து ஒரு பெரியவர் கையை ஆட்டிக்கொண்டே வந்தார். கோபமாக வருகிறார் என்று நினைத்தேன். வந்து, படகை என் பக்கத்தில் நிறுத்திவிட்டு, "அறுக்காத தம்பி. பலகையை மேல தூக்கு, தானா போயிடும்" என்றார். தூக்கினேன், போய்விட்டது. ஒரு வலை அறுந்தால் எத்தனை நாள் உழைப்பு போகும் என்று அப்புறம் கரையில் டீ குடிக்கும்போது அவர் சொன்னார். கோபத்தோடு சொல்லவில்லை, அதனால்தான் எனக்கு இன்னும் உறைத்தது.

ஆக, வரிசை இது. ஷீட்டை விடுங்கள். சுக்கான் அலகைத் தூக்குங்கள். டேகர்போர்டை முழுதாக மேலே எடுங்கள். கயிறு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால் துடுப்பால் கீழே அமுக்குங்கள், கையை வலைக்குள் விடாதீர்கள். அடியில் எதுவும் நீட்டிக்கொண்டிராத லேசர் 15 சென்டிமீட்டர் தண்ணீரில்கூட வழுக்கிக்கொண்டு போகும், வலையின் மேல் தானாக நழுவிவிடும். கத்தி வைத்திருப்பது உங்கள் சொந்தக் கயிறு உங்கள் காலில் சுற்றினால் அறுப்பதற்கு. தண்ணீருக்குள் இறங்கி அவிழ்க்கலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். நைலான் வலை ஆளைச் சுற்றினால் விடாது.

தவிர்ப்பது இன்னும் சுலபம். கொடி கட்டிய கம்போ, தெர்மகோல் துண்டோ ஒன்று தெரிந்தால் மறுமுனை எங்கே என்று தேடுங்கள். இரண்டுக்கும் நடுவே போகாதீர்கள். மறுமுனை தெரியவில்லை என்றால் கொடி இருக்கும் இடத்தைக் கடலின் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போங்கள், பக்கத்தில் படகு இருந்தால் கையைக் காட்டிக் கேளுங்கள். கேட்டால் எல்லோரும் வழி சொல்வார்கள்.

கவிழ்ந்துவிட்டது

லேசர் கவிழும். அதைக் கோளாறு என்றே சொல்லக்கூடாது. நிமிர்த்தியும் நிமிராமல் மறுபடி மறுபடி கவிழ்ந்தால்தான் கோளாறு.

படகை விடாதீர்கள், ஷீட்டின் நுனியாவது கையில் இருக்கட்டும். காற்றில் லேசான படகு நீங்கள் நீந்துவதைவிட வேகமாக நகர்ந்துவிடும். சுற்றி வந்து டேகர்போர்டைப் பிடியுங்கள். ஏறும் முன் ஷீட்டும், பூமைக் கீழே இழுக்கும் கயிறும் தளர்ந்திருக்க வேண்டும். இவை இறுகியிருந்தால் நிமிரும்போதே பாயில் காற்று நிறைந்து மறுபக்கம் சாய்த்துவிடும். "நிமிர்த்தினேன், உடனே மறுபடி கவிழ்ந்தது" என்பவர்களில் முக்கால்வாசிப் பேர் இதைத்தான் மறந்திருப்பார்கள். மிச்சமுள்ளவர்களுக்குப் பாய்மரம் காற்று வரும் பக்கம் கிடந்திருக்கும். அப்போது பாயின் அடியில் காற்று புகுந்து, நிமிரும் வேகத்திலேயே உங்கள் தலைக்கு மேலாகப் புரட்டிவிடும். அணியத்தைப் பிடித்து நீந்தி, அதைக் காற்றுக்கு எதிராகத் திருப்பிவிட்டு அப்புறம் நிமிர்த்துங்கள்.

பலகையில் ஏறும்போது படகை ஒட்டிய அடிப்பகுதியில் மிதியுங்கள், நுனியில் மிதித்தால் முறியும். ஆழம் குறைந்த இடத்தில் முழுதாகத் தலைகீழானால் பாய்மரத்தின் நுனி மணலில் குத்திக்கொள்ளும். அங்கே பலம் காட்டி ஆட்டினால் பாய்மரத்தின் மேல் துண்டு வளைந்துவிடும், அல்லது நடுவில் ஆணி அடித்த இடத்தில் ஒடியும். காற்றும் அலையும் படகைக் கொஞ்சம் திருப்பும் வரை காத்திருந்து மெதுவாகத் தூக்குங்கள். இன்னொன்று, பாய்மரம் வெறும் குழியில்தான் நிற்கிறது. தலைகீழானால் உருவிக்கொண்டு போகாமல் இருக்க அதை ஒரு கயிற்றால் படகோடு கட்டியிருக்க வேண்டும். டேகர்போர்டுக்கும் அப்படியே. இவை கரையிலேயே கட்ட வேண்டியவை.

மூன்றாவது முறை கவிழ்ந்தால் வீட்டுக்குத் திரும்புங்கள். இது என் சொந்தச் சட்டம், யாரும் போட்டதில்லை. மூன்றாவது முறைக்குப் பிறகு கை நடுங்கும், நான்காவது முறை ஏற முடியாமல் போகும்.

பாய் பக்கம் மாறும்போது கயிறு அமரத்தில் மாட்டுகிறது

லேசருக்கே உரிய வியாதி இது. பின்காற்றில் பூம் மறுபக்கம் வீசும்போது தளர்ந்த ஷீட் படகின் பின்மூலையில் சுற்றிக்கொள்ளும். பாய் பாதியில் நிற்கும், படகு தறிகெட்டுத் திரும்பும், அடுத்து தண்ணீர். பூம் நடுவைக் கடக்கும் அதே நொடியில் ஷீட்டை ஒரு வெடுக்கென்று இழுத்தால் தளர்வு மேலே வந்துவிடும். இது கைப்பழக்கம், ஐம்பது முறை செய்தால் வரும். காற்று பலமாக இருந்தால் இந்த வித்தையே வேண்டாம். காற்றுக்குள் திரும்பி, முழு வட்டமடித்து, அந்தப் பக்கமாக வாருங்கள். தனியாக இருக்கும்போது யார் சிரிக்கப் போகிறார்கள்?

படகு சோம்பலாக ஓடுகிறது, கனமாக இருக்கிறது

அலையில் ஏறாமல் அலைக்குள் புகுகிறது. சாய்ந்தால் நிமிரச் சோம்பல்படுகிறது. ஷீட்டை விட்டு நிறுத்தி, படகை இருபக்கமும் ஆட்டி, தளத்தில் காதை வையுங்கள். உள்ளே கொளக் கொளக்கென்று சத்தம் கேட்டால் மூடிய உடலுக்குள் தண்ணீர் ஏறியிருக்கிறது.

நாமே செய்த தப்பாகத்தான் பெரும்பாலும் இருக்கும்: அமரத்தில் உள்ள வடிகால் திருகைப் போடாமல் இறக்கிவிட்டிருப்போம். நான் செய்திருக்கிறேன். அன்று வண்டிச் சாவி இருந்தது, திருகு வண்டியிலேயே இருந்தது. திருகு இருந்தும் தண்ணீர் ஏறினால் பாய்மரக் குழியைச் சந்தேகியுங்கள். கரையில் குழியை விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி நிரப்பி, அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். மட்டம் இறங்கினால் குழியின் அடி ஓட்டையாகிவிட்டது, அதைச் சரிசெய்யாமல் ஓட்டினால் பாய்மரம் ஒருநாள் தளத்தைக் கிழித்துக்கொண்டு விழும். அங்கேயும் ஒழுகவில்லை என்றால் தளமும் உடலும் ஒட்டும் விளிம்பைப் பார்க்க வேண்டும்.

கடலில் இருக்கும்போது இதற்கு வைத்தியம் கிடையாது. திருகுதான் இல்லை என்றால் துணியை உருட்டித் துளையில் திணிக்கலாம். உள்ளே இருக்கும் நுரையோ காற்றுப் பைகளோ படகை மூழ்கவிடாது, ஆனால் கவிழ்ந்தால் உள்ளே ஏறிய தண்ணீர் நிமிர்த்த விடாது. பக்கத்தில் இருக்கும் மணல் கரைக்கு நேராகப் போய் வடித்துவிடுங்கள்.

காற்றே இல்லை

கரைக்காற்று செத்து, கடற்காற்று பிறக்காத இடைவெளி. 10 மணிக்கு மேல் அரை மணியோ ஒரு மணி நேரமோ கடல் எண்ணெய் ஊற்றியது போல் கிடக்கும். பாய் தொங்கும், பூம் தலையில் இடிக்கும். இது கோளாறு இல்லை, காத்திருங்கள். தொப்பியை நனைத்துப் போட்டுக்கொண்டு, ஏதாவது சாப்பிடுங்கள். ஜோடி அடையாளத்தைப் பார்த்தால் வடக்கு நோக்கி நகர்கிறீர்கள் என்று தெரியும், அது வீட்டுப் பக்கம்தான். தென்கிழக்கில் தண்ணீர் கருநீலமாகக் கோடு போட்ட மாதிரி தெரிந்தால் கடற்காற்று வருகிறது. அது வரும் முன் எல்லாக் கயிறுகளையும் ஒழுங்குபடுத்திவிடுங்கள், ஏனென்றால் பத்தே நிமிடத்தில் சும்மா கிடந்த கடல் மணிக்கு 12, 15 கடல் மைல் காற்றுக்கு மாறிவிடும்.

மேற்கே கறுக்கிறது

மே மாதப் பிற்பகலில் வானம் கரைப்பக்கம் கறுத்து, கடற்காற்று திடீரென்று நின்றால், உடனே கரைக்குத் திருப்புங்கள். "இன்னும் தூரத்தில்தான் இருக்கிறது" என்று தோன்றும். இடிமேகத்திலிருந்து இறங்கும் காற்று மேகத்துக்கு முன்னாலேயே ஓடிவரும், அதுவும் கரையிலிருந்து கடலை நோக்கி. சின்னப் படகுக்கு இதைவிட மோசமான காற்று இல்லை. அலுமினியப் பாய்மரத்தோடு திறந்த கடலில் மின்னலுக்குக் கீழே இருப்பதும் நல்லதில்லை. அதனால் நான் எப்போதும் கரையிலிருந்து ஒரு கடல் மைலுக்கு மேல் போவதில்லை, மதியம் 2 மணிக்குள் திரும்பிவிடுவதாகத்தான் திட்டம் போடுவேன்.

காற்று வந்தே விட்டது என்றால் பாதிப் பாயை அடிக்கவிட்டு, காற்றை ஒட்டிக் குறுக்கும் நெடுக்குமாகக் கரையை நோக்கி ஏறுங்கள். அரை மணி நேரம் போராடியும் அடையாள ஜோடியில் முன்னேற்றம் இல்லை என்றால் முயற்சியை நிறுத்திவிட்டு நங்கூரத்தைப் போடுங்கள். ஒன்றரைக் கிலோ மடக்கு நங்கூரமும் 30 மீட்டர் கயிறும் பாய்மரத்தடியில் கட்டிவைக்கலாம். ஆழம் கைக்கு எட்டும்போதே போட வேண்டும், வெளியே போனபின் கயிறு தரையைத் தொடாது. நங்கூரம் பிடித்ததும் தொலைபேசியை எடுங்கள். கடலோரக் காவல்படை 1554, கடலோரக் காவல் நிலையங்களுக்கான எண் 1093. பிடிக்கவில்லை என்றாலும் அப்போதே எடுங்கள். தொலைபேசி நீர்புகாப் பையில், படகில் இல்லாமல் உங்கள் உடம்பில் கட்டியிருக்க வேண்டும். நீங்களும் படகும் பிரிந்தால் அது உங்களோடு இருக்கட்டும். மிதவை அங்கியைக் கழற்றவே கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

முடிச்சு போட வரவில்லை

நன்றாகத் தெரிந்த முடிச்சு. தினமும் போடுவது. இன்று விரல் தடுமாறுகிறது, ஒரே திருப்பத்தை இரண்டு முறை தப்பாகச் செய்கிறீர்கள், தலை லேசாக வலிக்கிறது, யார் மீதோ எரிச்சல் வருகிறது. படகில் எதையும் தேடாதீர்கள், கோளாறு உங்களிடம். காலையிலிருந்து சிறுநீர் போனீர்களா என்று யோசித்துப் பாருங்கள். காற்று வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடுவதால் எவ்வளவு தண்ணீர் போனது என்றே தெரியாது. ஆறு மணி நேரப் பயணத்துக்கு நான் 4 லிட்டர் எடுத்துப் போகிறேன், அதில் ஒரு லிட்டரில் உப்பும் சர்க்கரையும். வீட்டில் உப்புப் போட்ட நீராகாரம் இருந்தால் கிளம்பும் முன் அதைக் குடியுங்கள், எனக்கு அதைவிட நன்றாக எதுவும் வேலை செய்ததில்லை. நிறுத்தி, குடித்து, பாய் நிழலில் கால் மணி நேரம் உட்காருங்கள். வாந்தி வந்தாலோ தலை சுற்றினாலோ பக்கத்துக் கரைதான். அது எந்தக் கரையாக இருந்தாலும் பரவாயில்லை. நெம்மேலியில் இறங்கி ஆட்டோ பிடித்து வந்து வண்டியை எடுத்தவர்கள் உண்டு.

கரைக்கு வரும்போது பின்பக்கம் திரும்பிக்கொள்கிறது

பின்னாலிருந்து வரும் அலை அமரத்தைத் தூக்கிப் பக்கவாட்டில் தள்ளுகிறது. படகு அலைக்கு இணையாகத் திரும்பினால் உருளும். அலை உடையும் இடத்துக்கு வெளியே நின்று மறுபடி எண்ணுங்கள். ஒரு பெரிய கூட்டம் போனதும் அதன் முதுகிலேயே உள்ளே வாருங்கள், முகத்தில் ஏறி வராதீர்கள். டேகர்போர்டைப் பாதி தூக்குங்கள். சுக்கானைக் கடைசி வரை வைத்திருந்து, இடுப்பளவு ஆழத்தில் தூக்குங்கள். முட்டுக்காடு முகத்துவாரம் அமைதியாகத் தெரிந்தாலும் அந்த வழியாக நுழைய ஆசைப்படாதீர்கள், மணல்திட்டு மாறிக்கொண்டே இருக்கும், வற்றும் நேரத்தில் வெளியே இழுக்கும்.

இறங்கும்போது கடல் பக்கமாக இறங்குங்கள். படகுக்கும் கரைக்கும் நடுவில் நின்றால் அடுத்த அலை 59 கிலோவையும் உள்ளே இருக்கும் தண்ணீரையும் உங்கள் முழங்காலில் கொண்டுவந்து போடும். இழுக்க ஆள் வேண்டும் என்றால் கேளுங்கள். கோவளத்தில் இரண்டு பேராவது ஓடி வருவார்கள்.

மேலே ஏற்றியதும் அமரத்தைத் தாழ்த்தி வடிகால் திருகைக் கழற்றி, வரும் தண்ணீரை ஒரு டப்பாவில் பிடிக்கிறேன். ஒரு டம்ளருக்குள் என்றால் கவலை இல்லை. போன மாதம் அரை வாளி வந்தது, இந்த மாதம் அதற்கும் கொஞ்சம் கூட. குழியில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், மட்டம் இறங்கவில்லை. அடுத்த ஞாயிறு விளிம்பில் சோப்பு நுரை தடவி, வடிகால் துளை வழியாக லேசாகக் காற்றை ஊதி, எங்கே குமிழ் வருகிறது என்று பார்க்க வேண்டும். திருகு இப்போது வண்டிச் சாவியோடு ஒரே வளையத்தில் தொங்குகிறது.